நள்ளிரவு அவையின் நிழற்படம்

முன்னாளில் நிகழ்ந்தவற்றை அறிவதற்கு மூவகைச் சான்றுகள் நமக்கு உதவுகின்றன. மூத்தோர் வாய்மொழியாகச் சொல்லக் கேட்பது ஒன்று. கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் பொறித்து வைத்ததைப் படிப்பது மற்றொன்று. ஓவியமாகவும் சிற்பமாகவும் அமைத்து வைத்ததைக் காண்பது மூன்றாவது. இம்மூன்றாம் வகையோடு பின்னாளில் வந்து சேர்ந்தது நிழற்படம். 1839 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இக்கலை, கண் இமைக்கும் நேரத்து நிகழ்ச்சியையும் மறையாமல் காத்து வைக்கும் ஆற்றல் உடையது.

எனினும், நிழற்படத்தைப் பார்ப்பது வேறு. அதனைப் படித்தறிவது வேறு. செய்யுளுக்குப் பொருள் காண்போர், சொல்லிய சொல்லோடு சொல்லாது நின்ற குறிப்பையும் ஆராய்வர். நிழற்படத்தையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். இந்திய நாட்டின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தினுள் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தைக் கொண்டு இவ்வுண்மையை இங்கே காண்போம்.

கல்லில் ஓர் அவை

அவையைப் படமாக்கிக் காட்டும் வழக்கம் நம் காஞ்சி மாநகர்க்குப் புதியதன்று. இந்நகரத்து வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையான சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். இக்கோயிலை எடுப்பித்தவன், எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட நந்திவர்ம பல்லவமல்லன். இரண்டாம் பரமேசுவரவர்மன் வழித்தோன்றல் இன்றி இறந்தபின், நாட்டுப் பெருமக்களும் கடிகையாரும் பிறரும் கூடிப் பல்லவர் குடியின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று, அரசாள ஒருவனைத் தருமாறு வேண்டினர். இரணியவர்மனுடைய மைந்தர் நால்வருள் மூத்தவர் மூவரும் மறுத்துவிட்டனர். பன்னிரண்டு வயதினனாகிய இளையவன் பல்லவமல்லன் இசைந்தான். இச்செய்தி முழுவதும் அங்கே சிற்பமாக உள்ளது. சிற்பங்களை ஒட்டி விளக்கம் கூறும் எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இந்நாளில் நிழற்படத்தின் கீழே குறிப்பு எழுதுகிறோம் அல்லவா? அதனைப் பல்லவர் காலத்துச் சிற்பியர் கல்லிலேயே செய்து வைத்தனர்.

சிற்பம் அரசன் விரும்பிய வண்ணம் அமைவது. நிழற்படமோ உள்ளதை உள்ளவாறே காட்டுவது என்று சிலர் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்துமா என்பதைப் பின்னர் ஆராய்வோம்.

படத்தில் காண்பன

நாம் எடுத்துக்கொண்ட நிழற்படம் 1947 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14 ஆம் நாள் இரவு, புது தில்லியில் எடுக்கப்பட்டது. கறுப்பும் வெண்மையும் அன்றி வேறு நிறம் அதில் இல்லை. சவகர்லால் நேரு எழுந்து நின்று உரையாற்றுகின்றார். அவர் முன்னே ஒலிவாங்கி நிற்கின்றது. உறுப்பினர்கள் சூழ அமர்ந்து செவிமடுக்கின்றனர். இந்திய அரசியல் நிர்ணய சபை அன்று கூடிய கூட்டமே இது. பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இப்படத்தைக் காணாத இந்தியர் சிலரே ஆவர்.

அக்கூட்டம் இரவு 11 மணிக்குத் தொடங்கிற்று. சுசேதா கிருபளானி அம்மையார் நாட்டு வாழ்த்துப் பாடினார். அவைத் தலைவர் இராசேந்திர பிரசாத் முன்னுரை ஆற்றினார். பின்னர், உறுப்பினர் அனைவரும் நாட்டுத் தொண்டுக்குத் தம்மை ஒப்படைத்து உறுதிமொழி ஏற்றல் வேண்டும் என்னும் தீர்மானத்தை நேரு கொண்டுவந்தார். சௌதரி கலிகுசமான் அதனை வழிமொழிந்தார். சென்னை மாகாணத்தில் பிறந்து வளர்ந்த பேரறிஞர் இராதாகிருட்டிணன் அதனை ஆதரித்து உரையாற்றினார். கடிகாரம் பன்னிரண்டு முறை அடித்து ஓய்ந்ததும் உறுப்பினர்கள் எழுந்து நின்று உறுதிமொழி கூறினர். அதன்பின், இந்தியப் பெண்மக்கள் சார்பில் அன்சா மேத்தா அம்மையார் நாட்டுக் கொடியை அவைக்கு வழங்கினார்.

பாட்டும் மணியோசையும் உறுதிமொழியும் செவிக்குரியன. படத்தில் அவை பதிவதில்லை. அவையின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்த ஒருவர் அப்படத்தைக் காண்பாராயின், ஊமைப்படம் பேசத் தொடங்கியது போன்று தோன்றும். எழுத்தும் படமும் ஒன்றற்கொன்று துணையாவது இவ்வாறே.

அக்காலத்தில் தில்லியில் செய்திப்படம் எடுத்தோருள் ஓமாய் வியாரவாலா என்னும் பெண்மணியும் ஒருவர். 1913 இல் பிறந்த அவர், இந்தியாவின் முதற்பெண் செய்திப் படப்பிடிப்பாளர் என்று போற்றப்படுகின்றார். ஆடவரே நிறைந்திருந்த அத்தொழிலில், எடைமிக்க கருவியைத் தோளில் சுமந்து சென்று விடுதலைக்கால நிகழ்ச்சிகள் பலவற்றை அவர் படமாக்கினார். பிறர் முகங்களை நமக்குக் காட்டும் படப்பிடிப்பாளர் தம் முகம் படத்தில் வருவதில்லை. ஆதலின், அவர்களையும் நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

மண்டபத்தின் வரலாறு

இப்படத்தில் உள்ள மண்டபம் நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுவே அமைந்தது. எட்வின் லட்யன்சு, எர்பர்ட்டு பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அக்கட்டடத்தைத் திட்டமிட்டனர். 1921 பிப்ரவரி 12 இல் கால்கோள் செய்யப்பட்டு, 1927 சனவரி 18 இல் அது திறந்து வைக்கப்பெற்றது. வட்ட வடிவமாய், புறத்தே 144 தூண்கள் சூழ அமைந்த பெருங்கட்டடம் அது. அதன் உள்ளே மூன்று அவைக்கூடங்களும், அவற்றின் நடுவே குவிமாடத்தோடு கூடிய ஒரு மண்டபமும் உள்ளன. நடுமண்டபம் முதற்கண் உறுப்பினர்களின் நூல்நிலையமாகவே இருந்தது. அரசியல் நிர்ணய சபைக்கென 1946 ஆம் ஆண்டில் அதனைச் சீர்படுத்தினர். குவிமாடம் மிக உயரத்தில் இருத்தலின், காற்றாடிகளை மேலிருந்து தொங்கவிடாமல், தரையினின்று எழும் கம்பங்களின் மேல் பொருத்தினர்.

பிறர் ஆளும் காலத்திலேயே நம்மவர் குரல் அக்கட்டடத்தில் ஒலித்ததுண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் மத்திய சட்டசபையின் தலைவராக வீற்றிருந்தார். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி அச்சபையில் உறுப்பினராய் அமர்ந்து, ஆட்சியாளரை வினாக்களால் மடக்கினார். ஆயினும், அச்சபை எத்தீர்மானத்தை நிறைவேற்றினாலும் அதனைத் தள்ளிவிடும் அதிகாரம் வைசிராயிடம் இருந்தது. பேசும் உரிமை உண்டு. முடிவு செய்யும் உரிமை இல்லை. இக்குறையை நீக்கிய இரவே நம் படத்தில் உள்ள இரவு.

படத்தில் காணாதன

இனி, படத்தின் எல்லைக்கு அப்பால் நின்றவற்றை நோக்குவோம். முதலாவதாக, காந்தியடிகள் அப்படத்தில் இல்லை. விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய அப்பெரியார் அன்று தில்லியிலேயே இல்லை. கல்கத்தாவில் பெலியகட்டாப் பகுதியில் ஓர் இல்லத்தில் தங்கி, இந்துக்களும் இசுலாமியரும் ஒருவரையொருவர் கொல்லாதிருக்க வேண்டிப் பாடுபட்டுக் கொண்டிருந்தார். ஆகஸ்டு 15 ஆம் நாளை உண்ணாநோன்பிலும் வழிபாட்டிலும் கழித்தார். விழாக்கூட்டத்தில் அவர் இல்லாமை, அவ்விழாவின் மறுபுறத்தை நமக்கு உணர்த்துகின்றது. நாடு இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் எண்ணற்ற குடும்பங்கள் வீடு வாசல்களை இழந்து அகதிகளாய் நடந்தன. நேருவின் முகத்தை ஒளியாய்க் காட்டும் அப்படம் இத்துயரைக் காட்டவில்லை. எனவே, படம் பொய் கூறுகின்றது என்பதன்று; ஒரு பலகணி வழியே தெரிவது எவ்வளவோ அவ்வளவையே அது கூறுகின்றது.

இரண்டாவதாக, அன்றைய மகிழ்ச்சிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த நெடும்பணி ஒரு படத்துள் அடங்குவதன்று. அச்சபை முதன்முதற் கூடியது 1946 திசம்பர் 9 ஆம் நாள். அரசியலமைப்பை ஏற்றது 1949 நவம்பர் 26 ஆம் நாள். இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உறுப்பினர்கள் சொல்லுக்குச் சொல் வாதிட்டனர். டாக்டர் அம்பேத்கர் தலைமை தாங்கிய வரைவுக் குழுவில் அல்லாடி கிருட்டிணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார் ஆகியோர் இடம்பெற்றனர், டி. டி. கிருட்டிணமாச்சாரி பின்னர்ச் சேர்ந்தார். சென்னை மாகாணத்தினின்று சென்ற உறுப்பினருள் அம்மு சுவாமிநாதன், துர்க்காபாய், தாட்சாயணி வேலாயுதன் என்னும் மகளிர் மூவரும் இருந்தனர். தீண்டாமைக் கொடுமையை நேரே அறிந்த குடியிற் பிறந்து, அவ்வவையில் அமர்ந்து, தீண்டாமை ஒழிப்புக்குக் குரல் கொடுத்தவர் தாட்சாயணி.

அங்கே கருத்து வேற்றுமைகளும் கடுமையாக எழுந்தன. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் மூன்று நாள் நடந்தது. தமிழகத்து உறுப்பினர் பலர், இந்தி பேசாத மக்களின் அச்சத்தை ஒளியாது எடுத்துரைத்தனர். அவர்கள் வேண்டியவை யாவும் கிட்டவில்லை எனினும், ஆங்கிலம் மேலும் 15 ஆண்டுகள் நீடிக்கும் என்னும் உடன்பாட்டுக்கு அவ்விவாதம் வழிவகுத்தது. 1950 சனவரி 24 இல் 284 உறுப்பினர்கள் அரசியலமைப்பில் கையொப்பமிட்டனர். நள்ளிரவுப் படத்தில் நாம் காண்பது விதை. விளைச்சலைக் காணவேண்டுமாயின் இவ்விவாதங்களையே படித்தல் வேண்டும்.

பெர்லின் நகரத்து மண்டபம்

அவையின் நிழற்படம் எல்லாம் மக்களாட்சியின் படம் என்று கொள்ளலாகாது. செர்மனி நாட்டு வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. பெர்லின் நகரத்து நாடாளுமன்றக் கட்டடம் 1933 பிப்ரவரி 27 இல் தீப்பற்றி எரிந்தது. அதன்பின் அந்நாட்டு அவை, அருகிலிருந்த கிரோல் இசைநாடக மாளிகையில் கூடியது. அம்மாளிகையில் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. மேடையின் பின்னே மாபெரும் கழுகுச் சின்னம் விளங்குகின்றது. வரிசை வரிசையாக உறுப்பினர்கள் எழுந்து நின்று, ஒரே வகையாய் வலக்கையை நீட்டுகின்றனர். ஒழுங்கைக் கண்டு மயங்குவோர், இதனினும் சிறந்த அவை இல்லை என்றே எண்ணுவர்.

அப்படங்கள் சொல்லாதது யாது? 1933 மார்ச்சு 23 ஆம் நாள் அம்மாளிகையில், அவையின் இசைவின்றியே அரசாங்கம் சட்டம் இயற்றலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. பொதுவுடைமைக் கட்சியினரான 81 உறுப்பினர்கள் அவைக்கு வரவே இயலாதபடி செய்யப்பட்டனர். சீருடை அணிந்த இட்லரின் படையினர் கூடத்தினுள்ளேயே நின்றனர். அவ்வச்சத்தின் நடுவே ஆட்டோ வெல்சு என்னும் தலைவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவருடைய சமூக மக்களாட்சிக் கட்சியினர் 94 பேர் எதிர்த்து வாக்களித்தனர். பிறர் யாவரும் இசைந்தமையால் சட்டம் நிறைவேறியது. சில திங்களில் ஒரு கட்சியைத் தவிரப் பிற கட்சிகள் அனைத்தும் இல்லாதொழிந்தன. அதன்பின் அவை கூடியது தலைவன் உரையைக் கேட்கவும் கைதட்டவும் பாடவுமே. 1942 ஏப்ரல் 26 இல் அது இறுதியாகக் கூடிற்று. போரில் குண்டு வீச்சால் சிதைந்த அம்மாளிகை 1951 இல் இடித்து அகற்றப்பட்டது. இன்று அங்கே கட்டடம் இல்லை, படங்களே எஞ்சியுள்ளன.

அந்நகரத்தின் மற்றொரு படமும் நமக்குப் பாடமாகும். 1945 மே 2 ஆம் நாள், எரிந்து பாழ்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் உருசிய வீரர் கொடி நாட்டுவதை எவ்கெனி கால்தேய் என்பார் படமெடுத்தார். வீரர் ஒருவர் கைகளில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. கொள்ளையிட்ட பொருள் என்று பிறர் ஐயுறுவர் என அஞ்சி, வெளியிடும்முன் அவற்றுள் ஒன்றைச் சுரண்டி மறைத்தனர். வானில் புகையையும் கூட்டிக் காட்டினர். நிழற்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்னும் கூற்று முற்றும் பொருந்தாது என்பது இதனால் விளங்கும். அரசன் விரும்பியவாறு சிற்பி செதுக்குவது போலவே, படைத்தவர் விரும்பியவாறு படமும் மாற்றப்படலாம். கணிப்பொறியைக் கொண்டு இல்லாத முகத்தையும் உண்டாக்கவல்ல இந்நாளில், ஆராய்ந்து தெளியும் அறிவு முன்னையினும் இன்றியமையாததாகும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டு

அவை என்பது யாது, அதற்கு உயிர் எது என்னும் வினாவுக்கு விடை காண, நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே மீள்வோம். காஞ்சிபுரத்தினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உத்தரமேரூர். அங்கும் வைகுந்தப் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. முன்னர்க் கூறிய காஞ்சிக் கோயிலின் வேறானது அது. அங்குள்ள மண்டபத்தில் முற்காலத்தில் ஊர்ச் சபையார் கூடினர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் அச்சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தனர். வாரியத்துக்கு உரியவர் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராயும், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையும் உடையவராயும் இருத்தல் வேண்டும் என விதித்தனர். முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவர் மீண்டும் வரலாகாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பர். அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் இடமில்லை. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபையோர் அனைவரும் காண, உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அவ்வோலையை வாங்குபவன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றும் எழுதி வைத்தனர். ஓலையை மாற்றும் சூழ்ச்சிக்கு இடமிருத்தல் ஆகாது அன்றோ! குடத்தினின்று ஓலை எடுக்கும் வழக்கம் சங்க காலத்திலும் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அகநானூற்றின் 77 ஆம் பாட்டில் உள்ள உவமை சான்று பகரும். இவ்வாறு தேர்ந்தெடுத்த வாரியங்கள் ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் ஓராண்டுக் காலம் கண்காணித்தன.

இக்கல்வெட்டையும் குறிப்பறிந்து படித்தல் வேண்டும். அச்சபை வேதம் வல்ல அந்தணர் ஊரின் சபையாகும். மகளிர்க்கும் ஏனைக் குடியினர்க்கும் நிலமற்றோர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆதலின், இந்நாளைய மக்களாட்சி அங்கே முழுவதும் இருந்தது என்பது மிகையாகும். எனினும், பதவிக்குக் கால எல்லை உண்டு, கணக்குக் காட்டுதல் கடமை, தேர்தல் யாவரும் காண நடத்தல் வேண்டும் என்னும் மூன்று நெறிகளையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டார் கல்லிற் பொறித்தனர் என்பது மறுக்கவொண்ணா உண்மை. குடத்தில் இல்லாதிருந்த அப்பெயர்களையும் சேர்த்ததே நம் நள்ளிரவு அவையார் செய்த அரும்பணி. 21 வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் அவர்கள் வாக்குரிமை வழங்கினர். பின்னர் 1989 இல் அவ்வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

மாறுபட்ட குரல்

தில்லிக் கட்டடத்தில் பின்னாளில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுதல் பொருத்தமாகும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடியில் 1909 இல் பிறந்தவர் அறிஞர் சி. என். அண்ணாதுரை. 1962 இல் மாநிலங்களவை உறுப்பினராய்ச் சென்ற அவர், தென்னாட்டுக்குத் தனி ஆட்சி வேண்டும் என்னும் தம் கட்சியின் கோரிக்கையை அவ்வவையிலேயே எடுத்துரைத்தார். அவையில் இருந்தோருள் மிகப் பலர் அதனை ஏற்கவில்லை, மறுத்துரைத்தனர். ஆயினும், அவர் பேச்சு கேட்கப்பட்டது. அவைக் குறிப்பிலும் இடம் பெற்றது. மறு ஆண்டில் அவருடைய கட்சியே அக்கோரிக்கையைக் கைவிட்டது. நாட்டின் ஒருமைப்பாட்டையே வினவிய குரலுக்கும் செவி கொடுத்தமையால் அவ்வவை தாழவில்லை, உயர்ந்தது. கிரோல் மாளிகைக்கும் தில்லி அவைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. நீட்டிய கைகளின் எண்ணிக்கை அவைக்குப் பெருமையன்று. எதிர்த்து எழுந்த ஒருவன் அச்சமின்றிப் பேசி அமர முடியுமாயின், அதுவே அவைக்குப் பெருமை.

திருவள்ளுவர் பொருட்பாலில் அவை அறிதல், அவை அஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். முன்னது கேட்போர் தன்மை அறிந்து பேசுதலைக் கூறும். பின்னது அஞ்சாமல் பேசுதலைக் கூறும். பேசுவோர்க்கு அவ்விரு பண்பும் வேண்டும். கேட்போர்க்கு வேண்டுவது பொறுமை. இவை மூன்றும் கூடிய இடமே அவை; ஏனையவை வெறுங் கூட்டம்.

2023 மே 28 இல் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 19 ஆம் நாள் இரு அவைகளும் அங்கே இடம் மாறின. நள்ளிரவுப் படத்தின் பழைய கட்டடம், அரசியலமைப்பு மாளிகை என்னும் பொருள்பட, சம்விதான் சதன் என்று பெயர் பெற்றது. தூண்கள் நிற்கின்றன, குவிமாடம் நிற்கின்றது, பேசிய குரல்கள் மட்டும் அங்கே இல்லை. உத்தரமேரூர் மண்டபத்திலும் அவ்வாறே ஓலைக் குடம் இல்லை, எழுத்து உண்டு.

கட்டடம் மாறினாலும் அவை மாறாதிருக்க வேண்டும். அதற்குக் காவலர், வாக்குரிமை பெறவிருக்கும் இளைஞர்களே. பழைய படம் ஒன்று கைக்குக் கிடைக்கும்போது, இதில் இருப்பவர் யாவர், இல்லாதவர் யாவர், இதனை எடுத்தவர் யாவர், அன்று அங்கே மாறுபட்டுப் பேச இடமிருந்ததா என்னும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவ்வாறு வினவிப் பழகியவர்கள் படத்தால் ஏமாறார். பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தாலும் ஏமாறார்.